ஆறு தாய்மாரை விழுங்கிய நரி

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் ஆள்காட்டிப் பறவை ஒன்று நாலு முட்டை இட்டு அடைகாத்தது. கூடாவது குச்சியாவது! வெறும் கூழாங்கல் தரையிலேதான்.

அந்தக் குளத்து விலங்குகளுக்கு ஒரு வழக்கம். அந்தியில் தண்ணீர் குடிக்க வரும்போது வானத்தில் கார்த்திகை விண்மீன் கூட்டத்தைத் தேடிக் கும்பிடும். "முருகனைப் பாலூட்டி வளர்த்த ஆறு தாய்மாரே, எங்கள் குட்டிகளையும் காப்பாற்றுங்கள்!" என்று வேண்டும்.

கோடை வந்தது. அந்தத் தாய்மார் அந்திக்கு அந்தி மேற்கே சரிந்து சரிந்து, ஒரு நாள் காணாமலே போனார்கள்.

"ஐயையோ, தாய்மாரைக் காணோமே!" என்று முயல் அழுதது.

நரிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலாயிற்று. வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தது. "விழுங்கியது நான்தான்! கேட்டதைக் கொடுத்தால் கக்குவேன். இல்லையோ, வயிற்றிலேயே செரித்துவிடுவேன்!"

பயந்தாங்கொள்ளிகள் நம்பிவிட்டன! கொக்கு மீன் கொடுத்தது. ஆமை நண்டு பிடித்துத் தந்தது. நரி தின்றதே தவிரக் கக்கவில்லை. கடைசியில், "அந்த நாலு முட்டையும் வேண்டும்!" என்றது.

"ஊருக்காகக் கொடுத்துவிடம்மா!" என்று எல்லாம் ஆள்காட்டியைச் சூழ்ந்துகொண்டன.

ஆள்காட்டி முட்டைகளின்மேல் சிறகை விரித்தது. "பிள்ளை வளர்த்த தாய்மாரை மீட்க என் பிள்ளைகளைக் கொடுப்பதா? அவர்களுக்கே அது பொறுக்குமா?"

நரி இளித்தது. "வானம் விழுந்துவிடும் என்று காலைத் தூக்கிக்கொண்டு தூங்குகிறவள் நீ! உனக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும்?"

அடைகாக்கும் தாய்க்கு ஏது தூக்கம்? மற்றவை தண்ணீர் குடித்ததும் போய்ப் படுத்துவிடும். ஆள்காட்டி மட்டும் விடிய விடிய விழித்திருக்கும். மேற்கே அந்தியில் மறைந்த விண்மீன்கள் பிறகு கிழக்கே விடியலில் எழுவதை அது பார்த்திருந்தது. கார்த்திகைக்கு முன்னே நடக்கும் பரணிகூட அப்படித்தான் திரும்பி வந்துவிட்டது. தாய்மாரும் வருவார்கள். ஆனால் நாளைக்கே வருவார்களா? அதுதான் தெரியவில்லை.

"விடியட்டும், தருகிறேன். எல்லாரும் வாருங்கள்" என்றது. முட்டைகளை அணைத்துக்கொண்டு காத்திருந்தது.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. நரி வாயைப் பிளந்துகொண்டு முட்டைகளிடம் குனிந்தது.

"பொறு! அதோ, கிழக்கே பாருங்கள்!" என்று ஆள்காட்டி கத்தியது.

பனைமரங்களுக்கு மேலே ஆறு தாய்மாரும் நெருங்கி நின்றார்கள். சின்னஞ்சிறு கூட்டம்தான். ஆனால் அந்த வானமே அவர்களுக்காக விரித்தது போலிருந்தது. முயலுக்கு மெய் சிலிர்த்தது. ஒற்றைக் காலில் நின்ற கொக்கு மறுகாலையும் ஊன்றிக்கொண்டது.

"அம்மாடி! நாம் பிறப்பதற்கு எத்தனை காலம் முன்பிருந்தே இப்படிப் போய்ப் போய் வருகிறார்களோ!" என்றது ஆமை.

கொக்கு நரியின் பக்கம் திரும்பியது. "அடப்பாவி! உன் வயிற்றில் இருப்பது என் மீனும் ஆமையின் நண்டும்தானே!"

நரி வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியது. ஆள்காட்டி மறுபடி முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. அடியில் ஒரு குஞ்சு ஓட்டைத் தட்டுவது அதற்குக் கேட்டது.

கண்ணுக்கு மறைந்ததைச் சொல்லி ஒருவன் மிரட்டினால், உள்ளதை எடுத்துக் கொடுப்பதற்கு முன் மறுதிசையையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.