இருகரையாள் பங்கு

முதலில், மேல்நாட்டு அரசன் குன்றவேள் ஆற்றின் குறுக்கே கல்லணை கட்டினான். அடுத்து, கோடையில் அதன் மதகை அடைத்தான். கடைசியில், இருகரையாள் என்று இரண்டு நாட்டாரும் அழைத்த அந்த ஆற்றுக்குக் குன்றவேளாறு என்று தன் பெயரையே வைத்தான்.

கேளுங்கள், மக்களே. மலைக்கும் மழைக்கும் அரசர்கள் உரிமை கொண்டாடிய காலம் அது. இந்தக் காலத்தோடு ஒப்பிடுவது உங்கள் பாடு.

கீழ்நாட்டில் நாற்று கருகத் தொடங்கியது. இன்னும் சில நாள் தண்ணீர் வராவிட்டால் அந்த ஆண்டு சோறு இல்லை.

முதலில் ஒரு புலவரை அனுப்பினார்கள். அவர் அரசனைப் பாடினார். பட்டாடை வந்தது, தண்ணீர் வரவில்லை. அடுத்து ஒரு தளபதியை அனுப்பினார்கள். அவர் வாளைக் காட்டினார். குதிரை மட்டும் திரும்பி வந்தது. மூன்றாவதாக, கடைமடையில் நாற்று விட்டிருந்த பேச்சக்காள் தானே புறப்பட்டாள்.

தன் தீர்ப்பை ஊரறியச் சொல்லும் ஆசையில், குன்றவேள் இரு கரைப் பெரியவர்களையும் சாட்சிக்கு அழைத்துச் சபை கூட்டினான்.

"பேச்சக்காளா? பேருக்கேற்ற வாய் இருக்குமே" என்றான்.

"வாய்தான் மிச்சம், அரசே. வாய்க்கால் காய்ந்துவிட்டது."

"ஆறு பிறப்பது என் மலையில். ஆகவே நான் மூத்தவன், நீங்கள் இளையவர்கள். பங்கு வைப்பவன் நானே."

"சாட்சிகள் கேட்க இன்னொரு முறை சொல்லுங்கள்."

அவன் மார்பு நிமிர்த்திச் சொன்னான். பிறகு பங்கு வைத்தான்: மழைக்கால வெள்ளம் ஒரு பங்கு, கோடை நீர் ஒரு பங்கு.

"நல்லது. கோடைப் பங்கு எங்களுக்கு" என்றாள் பேச்சக்காள்.

"உன்னை எடுக்கச் சொன்னது யார்?"

"வழக்கம் சொன்னது. மூத்தவன் பங்கு வைத்தால் இளையவன் முதலில் எடுப்பான். தகப்பனார் நிலத்தை நீங்களும் உங்கள் தம்பியும் அப்படித்தானே பிரித்தீர்கள்?"

சபையில் இருந்த தம்பி இருமினான். "ஆமாம் அண்ணா. அந்த வழக்கம் செல்லாதென்றால் என் பங்கும் செல்லாதே" என்றான். பாதிப் படை அவனுடையது. மன்னர்களின் மனச்சாட்சி பெரும்பாலும் அப்படித்தான் விழிக்கும்.

கோடை நீர் போனால் மேல்நாட்டுக் கரும்பும் கருகும். குன்றவேள் பங்கை மாற்றினான்: குறைந்தாலும் கூடினாலும், எந்தப் பருவத்திலும் வரும் நீர் சரிபாதி.

"இப்போது எந்தப் பாதியும் ஒன்றுதான். முதலில் எடுக்கும் உரிமை எங்களுடையது; இந்த ஒருமுறை விட்டுத் தருகிறோம். நீங்களே முதலில் எடுங்கள், அண்ணா" என்றாள் பேச்சக்காள்.

மதகு திறந்தது. நாற்று பிழைத்தது.

உடன்படிக்கையை எழுதிய ஓலைக்காரன் சாட்சிகளுக்குப் படித்துக் காட்டினான். அதன் கடைசி வரி இது: பொது நீரைப் பங்கு வைக்கும் கை ஒன்றாகவும் முதலில் எடுக்கும் கை வேறாகவும் இருந்தால்தான் நீதி நிலைக்கும்.

"எந்த ஆற்றின் நீர்? பெயரைப் படி" என்றாள் பேச்சக்காள்.

ஓலைக்காரன் அரசனைப் பார்த்தான். அரசன் தரையைப் பார்த்தான். இரு கரைச் சாட்சிகளும் கேட்கும்படி ஓலைக்காரன் உரக்கப் படித்தான்:

"இருகரையாள்."