தறி நின்ன தெரு

ஒரு ஊர்ல ஒரு தெரு, கண்ணு. தெரு பூரா விசைத்தறி. விடிஞ்சா டக்கடி டக்கடி, பொழுது சாஞ்சாலும் டக்கடி டக்கடி. பக்கத்துல நின்னு கத்துனாலும் காதுல விழுகாது. அதனால தறி ஓட்டுறவங்க எல்லாம் உதட்டைப் பாத்தே பேசிக்குவாங்க. "ம்" சொல்லு.

"ம்."

அந்தத் தெருவுல பாவாயின்னு ஒரு புள்ள. உன் வயசுதான். அப்பன் ஆத்தா இல்ல, பெரியப்பன் வீட்டுல வளந்துச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நூல் சுத்தோணும். இழை அறுந்தா பெரியப்பன் இடுப்புல இருக்கற பெல்ட்டைக் கழட்டுவான். சப்பு! சப்பு! தறிச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?

"அழுகலையா அப்புச்சி?"

அழுதுச்சு. அதுவும் கேக்கல.

அப்புறம் பெரியம்மாகிட்டச் சொல்லுச்சு. "வாய மூடு, வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்"னா அவ. அப்போ வாத்தியார்கிட்டச் சொல்லுச்சு. "பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கிக் குடுத்த மனுசன், அவரா அடிப்பாரு?"ன்னு சிரிச்சாரு. சிரிச்சதோட விடாம, பெரியப்பன்கிட்டயே போய்ச் சொல்லிட்டாரு. அன்னிக்கு வாங்குன அடியில புள்ளைக்குப் பேச்சே நின்னு போச்சு.

என்ன, "ம்" காணோம்? முழிச்சுட்டுத்தான இருக்கற? ஏன் போர்வைய இழுத்துக்கற? சரி, சரி.

மூணாவதா, எதுத்த பட்டறையில தறி ஓட்டுன செல்லக்காவை சன்னல் வழியாப் பாத்துச்சு. குரல் வரல. உதட்டை மட்டும் அசைச்சுது: 'பெரியப்பன் அடிக்கறாரு.'

செல்லக்காவும் உதட்டை அசைச்சா: 'எப்போ?'

'தினமும். நாலரைக்கு.'

மறுநாள் நாலரைக்கு பெல்ட்டு கழண்டுச்சு. சப்பு! செல்லக்கா தறிய நிறுத்துனா. டக். பக்கத்துத் தறி, டக். அதுக்கடுத்தது, டக். தெரு பூரா நின்னு போச்சு. பெரியப்பன் கை மட்டும் நிக்கல. சப்பு! சப்பு! அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு.

"அப்புறம்?"

செல்லக்கா உள்ள போய்ப் புள்ளையத் தூக்கிட்டு வந்துட்டா. போலீசும் வந்துச்சு. அதுக்கப்புறம் அவதான் வளத்துனா. ஆனா அந்தச் சத்தம் பாவாயிய விட்டுப் போகல கண்ணு. தலை நரைச்சும் தூக்கத்துல திடுக்குனு எந்திரிப்பா. அதனாலதான் உன் அப்புச்சி நான் இன்னிக்கு வரைக்கும் பெல்ட்டு போடறதில்ல.

"அது… செத்துப்போன அம்மாயியா?"

உன் அம்மாயிதான், நான் கட்டிக்கிட்டவ.

தறியும் நின்னாச்சு, கதையும் நின்னாச்சு. தூக்கம் வந்தாத் தூங்கு. சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்தா, குரல் வராட்டிப் பரவால்ல, உதட்டை மட்டும் அசை. அம்மாயி எனக்கும் சொல்லிக் குடுத்திருக்கா. லைட்டு எரியட்டும். நான் பாத்துட்டே இருக்கறேன்.