கண்ணுக்குப் பன்மை கேட்ட பூபதி சார்

வடபழனியில் ஒரு டப்பிங் ஸ்டுடியோ. விண்வெளித் தொடர் ஒன்றில் வேற்றுக்கிரகவாசிகளின் கற்பனை மொழியான கிளிங்கான் பேச ஒரு குரல் தேவைப்பட்டது. தேர்வு வைத்தவர் பூபதி சார். தன்னை விட்டால் அந்த மொழிக்கு நாதியில்லை என்பது அவர் நினைப்பு.

கிளிங்கானில் பன்மைக்கு இருப்பதே மூன்று விகுதிதான். பேசத் தெரிந்தவர்களுக்கு ‘பு’, உடல் உறுப்புகளுக்கு ‘டு’, மற்றதற்கெல்லாம் ‘மேய்’.

“மின் என்றால் கண். கண்கள் எப்படி?” என்று கேட்டார் சார்.

முதலில் வந்தவன் “மின்மேய்” என்றான். “தப்பு, வெளியே போ!” அடுத்து வந்த தமயந்தி “மின்டு” என்றாள். “தப்பு!” மூன்றாமவன் “மின்பு” என்றான். “அதுவும் தப்பு!”

மிச்சம் இரண்டு பேர். ரெஜினா, அவளுக்குப் பின்னால் சாரின் அக்கா மகன் கிஷோர்.

மூன்றுமே தப்பென்றால் ரெஜினா எதைச் சொல்வாள்? இதுவும் போனால், பின்னணியில் கூட்டத்தோடு கூட்டமாக ‘ஐயோ’ என்று கத்தும் வேலைதான் கடைசி வரைக்கும்.

“சீக்கிரம் சொல்லும்மா!” சார் மேசையைத் தட்டினார்.

“கிஷோர் என்ன சொல்றாரோ, அதுதான் சார் என் பதிலும்.”

சாருக்கு முகம் வெளுத்தது. ஓரமாக இருந்த தயாரிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சொல்லுப்பா கிஷோர்.”

மாமாவைப் பார்த்துக்கொண்டே கிஷோர், “மின்டு” என்றான்.

“ச... சரி” என்றார் சார்.

“அப்போ நானும் பாஸா சார்?”

“ம்...”

ரெஜினா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். “தமயந்தி அக்கா, திரும்பி வாங்க! உங்க பதில் இப்போ சரியாம்!”