கருமலைக்கு இருபது, மொட்டைக்குப் பத்து

அந்தக் காலத்துல, மலையும் மிருகமும் பேசிக்கிட்டு இருந்தப்போ, உசரத்த அவங்கவங்க காலடியில இருந்துதான் அளப்பாங்க. கடலோரம் நின்ன கருமலை, "நான் இருபது பனை உசரம்"னு சொல்லும். தூரத்துல நின்ன மொட்டைமலை, "நான் பத்துதான்"னு சொல்லிட்டு வாய மூடிக்கும். ரெண்டும் பொய் சொல்லல. வினையே அதுதான்.

ஒரு ஐப்பசியில மழை விடல. கடல் பொங்கி உள்ள வந்துருச்சு. கண்ணு திறக்காத ரெண்டு குட்டிய முதுகுல ஒட்டவச்சுக்கிட்டு, செவந்திங்கிற கீரி கருமலைக்கு ஓடினா.

"இருபது பெருசா, பத்து பெருசா? சீக்கிரம் ஏறுடி!" முன்னால ஓடின நரி மாடப்பன் கத்தினான். ஆடு, முயல் எல்லாம் அவன் பின்னாலயே.

"ஏறாத செவந்தி!" வழியில நண்டு சடையன் மறிச்சான். "மொட்டைக்குப் போ."

"அது தூரம்ண்ணே. உசரமும் பாதிதான்."

"கருமலை காலடியில வளை தோண்டினேன். ஒரு சாண்ல கடல்தண்ணி. மொட்டை காலடியில தோண்டினேன். முப்பது பனை எறங்கினப்புறம்தான் தண்ணியே. வளைக்குள்ள கடல் வந்து அசையாம நிக்குமே, அங்கருந்து உசரத்த எண்ணு. மொட்டை நிக்கிற தரையே முப்பது."

"கடல் எல்லா எடத்துலயும் ஒரே மட்டமாவா நிக்கும்?"

"நிக்காது. கனமான மலை இழுத்தா கொஞ்சம் மேடாத்தான் நிக்கும். நிக்கட்டுமே. வர்ற வெள்ளமும் அதே மேடுபள்ளத்துலதான வரும்!"

தண்ணி செவந்தி வயித்தத் தொட்டுச்சு. ஒரு குட்டி வழுக்குச்சு. பல்லால கவ்வி மேல போட்டா.

"சரி, நீயும் என் முதுகுல ஏறிக்க. உன் கொடுக்க மட்டும் மடக்கி வச்சுக்க."

"பைத்தியம் போகுது பாரு!" மேல இருந்து மாடப்பன் சிரிச்சான்.

செவந்தி மொட்டைமலைப் பக்கம் ஓடினா. வழி ஏறுறதே தெரியல. ஆனா வயித்துல இருந்த தண்ணி முட்டிக்கு எறங்குச்சு. அப்புறம் பாதத்துக்கு. மொட்டைமலைய ஏற ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே காஞ்ச தரை வந்துருச்சு.

திரும்பிப் பாத்தா, கருமலை உச்சி இருந்த எடத்துல வெறும் நுரை. ஆடும் முயலும் வரல. மாடப்பன் மட்டும் ஒரு பனந்தடியப் புடிச்சுக்கிட்டு வந்து சேர்ந்தான். அப்புறம் அவன் எந்த மலையோட உசரத்தயும் பேசல.

அன்னியில இருந்துதான் கடலையே பாக்காத ஊரு ரயில்வே ஸ்டேஷன்லகூட, மஞ்ச போர்டுல, கடல் மட்டத்துக்கு மேல இத்தனை மீட்டர்னு எழுதி வைக்கிறாங்க. நண்டு போர்ட நம்புறதில்ல. தண்ணி தட்டுப்படுற வரைக்கும் தானே தோண்டிப் பாத்துக்குது.