தூணுக்கு ஊட்டிய கஷாயம்

இது எனக்கு வாய்வழியாக வந்த கதை. எனக்குச் சொன்னவரும் யாரிடமோ கேட்டதுதான்.

வெகு காலத்துக்கு முன் வெண்குடி நாட்டைக் கொற்றவேலன் என்ற மன்னன் ஆண்டான். மனம் குளிர்ந்தால் வாரி வழங்குவான். கோபம் வந்தால் கொடுத்ததையும் பிடுங்குவான். ஒருநாள் மனம் குளிர்ந்து ஆணையிட்டான்: "ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஆதுலர் சாலைக்கு வணிகர்கள் பாதி விலையில் மருந்து தர வேண்டும்."

சாலைத் தலைவர் அளகேசர் பாதி விலைக்கு வாங்கினார். நோயாளிகளிடம் முழு விலைக்கு விற்றார். மிச்சத்தில் சாலைக்குச் சலவைக்கல் தூண்கள் எழுந்தன.

அமைச்சர் மருதனார் அங்கே போன அன்று, காய்ச்சலில் துவண்ட மகளை மடியில் கிடத்தி வாசலில் உட்கார்ந்திருந்தாள் பேச்சி என்பவள்.

"முழு விலையும் கொண்டாந்தாத்தான் கஷாயமாம், சாமி."

மருதனாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போய் மன்னனைக் கையோடு அழைத்து வந்தார். எல்லோர் முன்னும் ஒரு கிண்ணம் கஷாயத்தை வாங்கி, ஒரு தூணருகே போய்க் கரண்டியை நீட்டினார்.

"எங்கே, என் ராசா, வாயைத் திற!"

மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான். பேச்சி அலறினாள்: "ஐயோ சாமி, கொட்டிராதீங்க! எம்புள்ளைக்குக் குடுங்க!"

மன்னனின் சிரிப்பு நின்றது. "பிள்ளை துவண்டு கிடக்கிறது. தூணுக்கா ஊட்டுகிறீர்?"

"தங்கள் ஆணை 'சாலைக்கு' மருந்து என்கிறது, அரசே. பிள்ளைக்கு என்று எங்கே இருக்கிறது? அளகேசர் ஓர் எழுத்தும் பிசகாமல் நடத்துகிறார். தூண்களைப் பாருங்கள், என்ன ஆரோக்கியம்!"

அளகேசர் நெளிந்தார். "சாலை செழித்தால்தானே நோயாளி பிழைப்பான்?"

"வாயை மூடும்!" மன்னன் கொதித்தான். "இன்றோடு இந்தச் சலுகையே கிடையாது!"

பின்னால் நின்ற மருந்து வணிகர்கள், "ஆஹா, நல்ல தீர்ப்பு!" என்று முகம் மலர்ந்தார்கள்.

"பொறுங்கள்!" மருதனார் கோபத்தோடு குறுக்கிட்டார். "தின்றது அளகேசர். தண்டனை இந்தப் பிள்ளைக்கா?"

மன்னன் பிள்ளையைக் குனிந்து பார்த்தான். பிறகு ஆணையைத் திருத்தினான்: சாலை வாங்கும் விலையே நோயாளிக்கும் விலை. அதுவும் முடியாதவருக்கு இலவசம். அந்த விலையைத் தினமும் வாசலில் நின்று அளகேசரே கூவ வேண்டும். மருதனாருக்கு முத்துமாலை.

"மாலை இருக்கட்டும், அரசே. கஷாயம் ஆறுகிறது" என்று சொல்லிவிட்டு அவர் பேச்சியிடம் கிண்ணத்தைக் கொடுத்தார். பிள்ளை ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தது.

"கசக்குது!"

மறுநாளே கூவிக் கூவி அளகேசருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மிளகுக் கஷாயம் கேட்டார். வாங்கின விலைக்கே கொடுத்தார்கள்.

பிற்பாடு நான் அகராதியைப் புரட்டிப் பார்த்தேன். 'ஆதுலர்' என்றால் நோயாளர். வறியவர் என்றும் பொருள். கட்டடம் என்று எங்கும் போடவில்லை.