ராஜாவின் கையும் மந்திரியின் பலகையும்

முன்னொரு காலத்தில் மருதங்காட்டுச் சீமையைக் கடம்பவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் வாரிக் கொடுப்பான், மாலையில் மறந்துபோவான். கொடுத்ததற்கு அடையாளமாகக் குங்குமக் குழம்பில் வலக்கையைத் தோய்த்துத் துணியில் பதிப்பான். மற்ற நேரமெல்லாம் கண்பட்டுவிடும் என்று அந்தக் கையைப் பட்டு உறைக்குள் மூடியே வைத்திருப்பான்.

ஒருநாள் குதிரைக்காரன் முனியாண்டி அப்படியொரு துணியோடு வந்து, ராஜா வாக்களித்த வயலைக் கேட்டான். ராஜாவுக்கு ஞாபகமே இல்லை.

"இது என் கையா? என் விரல் இவ்வளவு நீளமா? என் உள்ளங்கை இன்னும் அகலமாயிற்றே! என் கை எனக்குத் தெரியாதா? உறையைக் கழற்றி ஒப்பிட்டு வேறு பார்க்க வேண்டுமா?"

"கள்ள முத்திரை, பிரபு! இதற்குப் பின்னால் மந்திரியார் இருந்தாலும் இருப்பார்" என்று தூபம் போட்டான் தளவாய் விருப்பண்ணன். மந்திரி ஆதிமூலத்தைக் கண்டாலே அவனுக்கு வயிற்றெரிச்சல். முனியாண்டியைச் சிறையில் தள்ளினார்கள்.

ஆதிமூலம் அன்றே வீட்டில் தன் கையைப் பலகைக்கடியில் மறைத்துச் சோதித்துப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. அப்போது முனியாண்டியின் மனைவி பேச்சி ஓடிவந்து அழுதாள். "சாமி, அவருக்கு நெஞ்சுச்சளி. அந்த ஈரத்துல தாங்கமாட்டாருங்க."

"கவலைப்படாதே, நவராத்திரி சபை கூடட்டும்" என்றார். அப்போதே ராஜாவின் காதில் போட்டிருக்கலாம், பாவி மனுஷன். ஊரே பார்க்கத் தளவாயின் மூக்கை உடைக்க வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

சபை கூடியது. ராஜாவின் கைக்கு மேலே பலகையை வைத்தார். "மகாராஜா, விரல் நுனிகளும் விரல் தொடங்கும் கணுக்களும் எங்கே இருக்கின்றனவோ, அதற்கு நேர்மேலே இடக்கையால் சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள்."

"இதென்ன பிரமாதம்!" என்று ராஜா வைத்தான்.

"இனி உறையைக் கழற்றி, கையைப் பொட்டுகளின் மேல் வையுங்கள்."

விரல்கள் பொட்டுகளைத் தாண்டி நீண்டன. கணுப் பொட்டுகளோ கைக்கு வெளியே இருபுறமும் விலகி நின்றன.

"கண்ணால் பார்க்காதபோது மனம் விரலைக் குறுக்கிவிடுகிறது, உள்ளங்கையை அகட்டிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான், மகாராஜா."

துணியைக் கொண்டுவந்தார்கள். கை அச்சாகப் பொருந்தியது. சபை ஆர்ப்பரித்தது, தளவாயின் பதவி பறிபோனது. ராஜா தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டு, "முனியாண்டியைக் கூட்டி வாருங்கள்" என்றான்.

சிறைக்காவலன் தலைகுனிந்தான். "நேற்றே இறந்துட்டான், மகாராஜா."

ராஜா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். வயலைப் பேச்சிக்கே கொடுத்தான். அவள் நேரே மந்திரியிடம் வந்தாள்.

"இந்தப் பலகை விஷயம் உங்களுக்கு எப்போ தெரியும், சாமி?"

பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "நீ வந்த அன்றைக்கே தெரியும், தாயி."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள் பேச்சி.

ஆதிமூலம் ராஜா போட்ட முத்துமாலையைக் கழற்றிப் பலகையின் மேல் வைத்தார்.