பொத்தையூரில் கையூட்டு ஒழிந்த விதம்

பொத்தையூர் ஒரு தனி நாடு. அங்கிருப்பவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். ஆற்றைத் தாண்டி வந்து மறுத்துச் சொல்ல யாருக்கும் வசதி இல்லை. ஏனென்றால் ஆற்றுக்குப் பாலம் கிடையாது.

பாலம் கட்டித் தருவதாக அக்கரையிலிருந்த தென்கரை நாடு ஒப்புக்கொண்டது. இரண்டு நிபந்தனைகள். பொத்தையூரில் கையூட்டு ஒழிய வேண்டும். நீதிபதி எந்தப் பக்கமும் சாயக் கூடாது.

உடனே ஒழிப்புப் படை அமைத்தார்கள். கொம்பையா அதற்குத் தலைவர். படைக்குச் சட்டம் ஒரே வரிதான்: கையூட்டுக் குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

முதல் நாள் காலையில் படை நாட்டுத் தலைவர் சடையப்பரின் வீட்டைச் சுற்றி வளைத்தது. பரிசல் குத்தகைக்காரர் அவருக்கு ஓர் ஆட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கை இருக்கா?" என்று கேட்டார் கொம்பையா.

"ரெண்டும் இருக்குண்ணே. ஆட்டுக் கயித்தப் பிடிச்சிருக்கு," என்றான் படைவீரன் இருளப்பன்.

"களவு?"

"குத்தகைக்காரரு சிரிச்சுக்கிட்டேல்ல குடுக்கிறாரு."

"அப்போ களவு இல்ல. ஊட்டினதாவது உண்டா?"

"ஆட்ட எப்படிண்ணே ஊட்டுறது? கொம்பு தொண்டையில சிக்கிக்கும்."

கொம்பையா மன்னிப்புக் கேட்டார். சடையப்பர் பெருந்தன்மையோடு மன்னித்தார். அவர் கை சுத்தமான கை என்று படை அங்கேயே அறிவித்துவிட்டுப் போனது.

பொழுது சாய்வதற்குள் நிஜமான குற்றம் அகப்பட்டது. மேலத்தெருவில் காத்தாயி என்ற பெண் தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மீனைப் பிசைந்து சோறு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஊட்டுறா! கையாலயே ஊட்டுறா!" என்று கத்தினான் இருளப்பன்.

"களவு?"

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. "எம்மவனுக்கு எடுத்து வச்ச மீனு! கேக்காம எடுத்துட்டா பாரு!"

கையும் இருந்தது, களவும் இருந்தது. படைவீரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

"கூறுகெட்டவனுகளா, புள்ள ரெண்டு வாய்தாண்டா தின்னுருக்கு," என்றாள் காத்தாயி.

"ரெண்டு தடவைன்னு அவளே ஒத்துக்கிட்டா," என்றார் கொம்பையா. தடயம் அழியக் கூடாதென்று கையைக் கழுவ விடாமல் அழைத்துப் போனார்கள். வழக்கு முடியும்வரை குழந்தைக்கு அவள் ஊட்டக் கூடாது என்று தடையும் போட்டார்கள். குழந்தைக்கு வேறு எவர் ஊட்டியும் பழக்கமில்லை. அது அழ ஆரம்பித்தது.

இனி நீதிபதி. திருமேனிநாதர் வயதானவர், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர். முதலில் நாற்காலியை அப்புறப்படுத்தினார்கள். நிற்க வைத்தால் தள்ளாடினார். ஆகவே இடுப்பில் கயிறு கட்டி இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிப்பது என்று முடிவாயிற்று. வலப்பக்கக் கயிற்றைச் சடையப்பர் பிடித்துக்கொண்டார். இடப்பக்கம் யார் என்பதில் வாக்குவாதம் நடந்தது. நடுநிலை கெடக் கூடாது என்பதற்காக அதைச் சடையப்பரின் மைத்துனரிடம் கொடுத்தார்கள்.

"இப்போ சுதந்திரமா இருக்கீங்களாய்யா?" என்று கேட்டார் சடையப்பர்.

"மூச்சு மட்டும் கொஞ்சம் முட்டுது."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்."

விசாரணை தொடங்கியது. குழந்தை வீறிட்டது.

"ஐயா, ஒரு வாய் குடுத்துக்கிறேன். பசி தாங்காதுய்யா," என்றாள் காத்தாயி.

"நீதிமன்றத்துக்குள்ளயேவா?" என்று பதறினார் கொம்பையா.

"கரண்டியால குடுத்தா?" என்று இருளப்பன் யோசனை சொன்னான்.

"கரண்டிய எதால பிடிப்ப?"

நீதிபதி குழந்தையைப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் முன்னால் குனிந்தார். "சாயுறாரு, சாயுறாரு!" என்று கூட்டம் கத்தியது. சடையப்பர் கயிற்றை ஓர் இழு இழுத்தார். நிமிர்ந்த நீதிபதிக்கு உடனே தெளிவு பிறந்தது. சுத்தமென்று படையே அறிவித்த கை நாட்டில் ஒன்றுதான் இருக்கிறது; குழந்தைக்கு அந்தக் கையே ஊட்டட்டும் என்று உத்தரவிட்டார்.

தட்டு வந்தது. சடையப்பர் கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு ஒரு கவளம் உருட்டினார். குழந்தை வாயைத் திறந்தது. கை பாதி வழியில் திரும்பி அவருடைய வாய்க்கே போனது. மறுபடி உருட்டினார். மறுபடியும் குழந்தை வாயைத் திறந்தது. பழகிய கை வேறு வழி அறியவில்லை. தட்டு காலியானதும் அவர் ஏப்பம் விட்டார். உத்தரவு நிறைவேறியது என்று நீதிபதி பதிவு செய்யச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் தென்கரைத் தூதர் வந்து சேர்ந்தார். சுற்றிலும் பார்த்தார். குழந்தையின் அழுகையில் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு வழக்குதானா? பெரிய தலை எதுவும் சிக்கலையா?"

கூட்டம் திகைத்தது. இந்தக் கோணத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. கொம்பையா ஒரு நூலை எடுத்துக்கொண்டு அளக்கக் கிளம்பினார்.

"சடையப்பரய்யா தலை எப்படி?"

"அவரு வயித்துக்கு முன்னால அது சுண்டைக்காய்ண்ணே. கணக்குலயே வராது," என்றான் இருளப்பன்.

காத்தாயியின் தலையும் தேறவில்லை. கடைசியில் நூல் குழந்தையிடம் வந்தது. கொம்பையா ஒருமுறைக்கு இருமுறை அளந்தார். நூலைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"உடம்புல காவாசி தலைதான்யா! நாட்டுலயே பெரிய தலை இதுதான்!"

குழந்தைக்குச் சிறை என்று தீர்ப்பாயிற்று. சின்னத் தலையான காத்தாயி விடுதலையானாள். பரிசலுக்கு நேரமாகிவிட்டதால் தூதர் நின்றபடியே பாலத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டுப் போனார்.

"புள்ளைய விட்டுட்டு நான் எங்கடா போவேன்?" என்று சிறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள் காத்தாயி. "உள்ள அதுக்கு யாருடா சோறு குடுப்பா?"

பொத்தையூர்க்காரர்கள் இரக்கமில்லாதவர்கள் அல்ல. கூடிப் பேசினார்கள். அரசாங்க ஊழியர் கைதிக்கு ஊட்டினால் அது கையூட்டு ஆகாது, கடமை என்று கண்டுபிடித்தார்கள். சிறையில் ஊட்டுபவர் என்று ஒரு வேலையை உண்டாக்கினார்கள். வேலையைத் தரும் பொறுப்பு சடையப்பருடையது.

காத்தாயி வீட்டுக்கு ஓடிப் போய், முட்டையிடும் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்து அவரிடம் கொடுத்தாள். வேலை அப்போதே கிடைத்தது. குழந்தை அன்று வயிறாரச் சாப்பிட்டது.

கொடுத்தபோது கொம்பையாவும் பக்கத்தில்தான் இருந்தார். நாட்டில் கையூட்டு ஒழிந்த நாள் என்று சடையப்பர் அப்போது உரையாற்றத் தொடங்கியிருந்தார். உரைக்கு இடைஞ்சல் வரக் கூடாதென்று, கொம்பையா கோழியின் அலகை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.